40 வரவேண்டிய இடத்தில் 110: ஒரு கம்பைலரில் மாறிப் பிணைப்பு தவறிய நிகழ்வின் ஆய்வு

## பின்னணி

ஒரு சிறிய குழு தங்கள் நிறுவனத்தின் உள்பயன்பாட்டுக்காகக் கணக்கீட்டு மொழி ஒன்றை உருவாக்கியிருந்தது. நிரலாளர் அல்லாத ஆய்வாளர்கள் அதில் விதிகளை எழுதுவார்கள். கம்பைலர் அவற்றைச் சரிபார்த்து, வேகப்படுத்தி, இரவு ஓட்டத்துக்கு அனுப்பும். மொழி சிறியதுதான்: எண்கள், ஃபங்ஷன்கள், ஒரு மதிப்புக்குப் பெயர் சூட்டும் ‘வை’ கூற்று, ஜோடிகளைப் பிரித்தெடுக்கும் வடிவப் பொருத்தம். கம்பைலர் ஓகேமல் மொழியில் எழுதப்பட்டிருந்தது. வெளியிலிருந்து ஆலோசனை சொல்லும் பொறுப்பில் நான் இருந்தேன்.

கம்பைலர் நிரலைப் படித்து உள்ளே வைத்துக்கொள்ளும் தொடரமைப்பு மரத்தில் மாறிகள் எல்லாம் வெறும் ஸ்ட்ரிங்குகள், அதாவது எழுத்துத் தொடர்கள். ‘வை க = …’ என்றால் அந்தக் கணுவில் “க” என்ற ஸ்ட்ரிங் இருக்கும்; உடலில் க வரும் ஒவ்வொரு இடத்திலும் அதே ஸ்ட்ரிங் மறுபடி இருக்கும். இந்த வடிவமைப்பைக் குறை சொல்ல முடியாது. எழுத்தை மரமாக்கும் பார்சர் தருவது பெயர்களைத்தான், பிழைச் செய்தியில் காட்ட வேண்டியதும் பெயர்களைத்தான். மதிப்பு எண்ணா ஜோடியா என்று பார்க்கும் வகைச் சரிபார்ப்பியும், விதியை நேரடியாக ஓட்டும் இன்டர்பிரெட்டரும், எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்ற சூழல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தில் இறங்குகின்றன. உள்ளே புதிதாக ஒரு பெயர் வந்தால் பட்டியலின் தலையில் அது சேரும், வெளியே வரும்போது போய்விடும். கோவையின் (ம + 1 போன்ற கணக்கீட்டின்) எந்தப் பகுதியும் இடம் மாறாதவரை பெயர்களே போதும். முதல் பதிப்பு நீண்ட காலம் சிக்கலில்லாமல் ஓடியதற்குக் காரணம் இதுதான்.

பின்னர், நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசர் வந்தது. ‘வை’ கூற்றால் பெயர் பெற்ற சிறிய கோவைகளைப் பயன்படுத்தும் இடத்திலேயே பொருத்திவிடும் இன்லைன் வேலை அதில் முக்கியமானது. ஒரு பெயர் செல்லுபடியாகும் பகுதியை ஸ்கோப் என்பார்கள்; மரத்தின் ஒரு துண்டு தான் பிறந்த ஸ்கோப்பை விட்டு இன்னொரு ஸ்கோப்புக்குப் போவது அந்தக் கம்பைலரில் அதுவே முதல் தடவை.

## கவனிக்கப்பட்டது

ஓர் ஆய்வாளர் தன் விதியைச் சோதனை முறையில் ஓட்டும்போது ஒரு விடையும், இரவு ஓட்டத்தில் வேறொரு விடையும் வருவதாகச் சொன்னார். சோதனை முறையில் ஆப்டிமைசர் ஓடாது. ஆகவே சந்தேகம் உடனே அங்கே போனது. குழுவில் ஒருவர் விதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சுருக்கினார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

    வை க = ம + 1 இல்
      வை ம = 10 இல்
        க * ம

வெளியே ம-வின் மதிப்பு 3 என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் க 4 ஆகிறது. உள்ளே புதிய ம 10. விடை 40. ஆனால் ஆப்டிமைசர் க-வை எடுத்துவிட்டு அதன் வரையறையை அப்படியே உள்ளே வைத்தது:

    வை ம = 10 இல்
      (ம + 1) * ம

இப்போது விடை 110. வெளியே இருந்த ம-வைக் குறித்துக்கொண்டிருந்த ஸ்ட்ரிங், உள்ளே வந்ததும் அங்கிருந்த ம-விடம் சிக்கிக்கொண்டது. நகர்ந்த கோவையின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, பொருள் மட்டும் மாறிவிட்டது. வகைச் சரிபார்ப்பியும் எதுவும் சொல்லாது, ஏனென்றால் இரண்டு ம-வும் எண்கள்தான். நின்றுபோகும் கம்பைலரைவிட அமைதியாகத் தவறான எண்ணைத் தரும் கம்பைலர் பல மடங்கு ஆபத்தானது. அதனால்தான் இந்த நிகழ்வை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஃபங்ஷன்களைப் பற்றிய கோட்பாடான லாம்டா கணிதத்தில், பெயருக்குப் பதில் கோவையை வைக்கும் பதிலீட்டை வரையறுக்கும் ஒவ்வொரு பாடமும் எச்சரிக்கும் பிழை இது. குழுவினருக்கும் அந்தப் பாடம் தெரியாததல்ல. அப்படியிருந்தும், தற்செயலாக உருவாக்கிய நிரல்களைக் கொண்டு செய்த சோதனைகள் ஏன் இதைப் பிடிக்கவில்லை என்பதுதான் நாங்கள் அதிக நேரம் பார்த்த கேள்வி. காரணம் சோதனை நிரல்களை உருவாக்கும் பகுதியில் இருந்தது. அது ஒவ்வொரு பைண்டருக்கும், அதாவது ‘வை’ போலப் பெயரைக் கட்டும் ஒவ்வொரு கூற்றுக்கும், எண்ணி ஏற்றிய ஒரு புதிய பெயரைத் தந்துவந்தது. ஒரே பெயர் இரண்டு முறை கட்டப்படும் நிரல் அதிலிருந்து வரவே வராது. எத்தனை ஆயிரம் நிரல்களை உருவாக்கினாலும் இந்தப் பிழை இருக்கும் பக்கமே அவை போகாது. மனிதர்கள் எழுதும் விதிகளிலோ குறுகிய பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது சாதாரணம்.

## முதல் முடிவும் அதன் விளைவும்

முதலில் இன்லைன் வேலையை முழுவதுமாக நிறுத்தினார்கள். இரவு ஓட்டம் மெதுவானது. ஆனால் விடை சரியாக வந்தது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்து ஓர் எளிய திருத்தம் முன்வைக்கப்பட்டது. ஒரு கோவையை ஒரு பைண்டருக்குள் வைக்கும் முன், அந்தக் கோவையின் கட்டற்ற மாறிகளில் (அதற்குள் கட்டப்படாமல் வெளியிலிருந்து பொருள் பெறுபவற்றில்) பைண்டரின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் பைண்டரை ம_1 என்று பெயர் மாற்றுவது. கொள்கையளவில் இது சரியானதுதான், பதிலீட்டின் பாடநூல் வரையறையே இதுதான். ஒரு தனிக் கிளையில் செய்து பார்த்தார்கள். மூன்று சங்கடங்கள் தெரிந்தன.

பிழைச் செய்திகளில் ம_1, ம_2 என்று யாரும் எழுதாத பெயர்கள் வர ஆரம்பித்தன. ஓர் ஆய்வாளர் தானே ம_1 என்று பெயர் வைத்திருந்தார். புதுப்பெயர் அதனுடன் மோதாமல் பார்க்க ஸ்கோப்பில் உள்ள எல்லாப் பெயர்களின் தொகுப்பையும் எங்கும் சுமக்க வேண்டியதாயிற்று. அப்புறம் கேஷ். ஏற்கனவே கம்பைல் செய்த கோவைகளை, அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற எண் மூலம் அடையாளம் கண்டு மறுபடி பயன்படுத்தும் வசதி அந்த அமைப்பில் இருந்தது. கட்டுண்ட மாறியின், அதாவது கோவைக்குள்ளேயே கட்டப்பட்ட மாறியின், பெயர் மட்டும் வேறான இரண்டு கோவைகள் பொருளில் ஒன்றே. ஆனால் பெயர் மாற்றத்துக்குப் பிறகு ஹாஷ் வேறாகி, கேஷ் பலனில்லாமல் போனது.

எனக்கு இவற்றைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அந்தச் சோதனையை ஆப்டிமைசரில் கோவையை நகர்த்தும் ஒவ்வோர் இடத்திலும் யாராவது நினைவில் வைத்து எழுத வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் ஏற்கனவே பல இருந்தன, இன்னும் வரவும் போகின்றன. ஓர் இடத்தில் மறந்தாலும் கம்பைலர் எதுவும் சொல்லாது.

## பரிசீலித்த வழிகள்

எல்லாப் பைண்டர்களுக்கும் தொடக்கத்திலேயே தனித்தனிப் பெயர் தந்துவிடலாம் என்பது ஒரு யோசனை. லாம்டா கணித அறிஞர் பரேண்ட்ரெக்ட் பெயரால் அழைக்கப்படும் மரபு காகிதத்தில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் இன்லைன் என்பதே பிரதி எடுப்பது. ஒரு ஃபங்ஷனின் உடலை இரண்டு இடங்களில் வைத்தவுடன் அதற்குள் இருந்த பைண்டர்கள் இரண்டிரண்டாகிவிடும், தனித்தன்மை போய்விடும். ஒவ்வொரு பிரதியிலும் பெயர்களைப் புதுப்பிக்கலாம்தான். கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலரின் இன்லைனர், ஸ்கோப்பில் உள்ள பெயர்களின் தொகுப்பைக் கூடவே எடுத்துச்சென்று, மோதல் வரும்போது மட்டும் பெயர் மாற்றுகிறது. 2002-இல் வெளியான கட்டுரையில் அந்த நுட்பம் விளக்கப்பட்டிருக்கிறது. அனுபவமுள்ள கைகளுக்கு அது நல்ல வழி. இந்தக் குழுவுக்கோ கேஷ் சிக்கலும் தீர வேண்டியிருந்தது. பெயர்கள் மரத்தில் இருக்கும்வரை அது தீராது.

பெயர்களையே எடுத்துவிடும் வழியை டச்சுக் கணிதவியலாளர் டி புரூய்ன் 1972-இல் எழுதினார். கணிதத்தை இயந்திரத்தால் சரிபார்க்கும் ஆட்டோமேத் திட்டத்தில் அவருக்கு அது தேவைப்பட்டது. மாறிக்குப் பதிலாக ஓர் எண்: இங்கிருந்து வெளியே போகும் வழியில் எத்தனை பைண்டர்களைத் தாண்டினால் இதைக் கட்டிய பைண்டர் வரும் என்ற கணக்கு. நம் விதியை ம-வைக் கட்டும் ஒரு லாம்டாவுக்குள் (பெயரில்லாத ஃபங்ஷனுக்குள்) வைத்தால் இப்படி ஆகும்:

    லாம்டா. வை [0] + 1 இல் (வை 10 இல் [1] * [0])

கட்டுண்ட பெயர் மட்டும் வேறான கோவைகள் இப்போது எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடும். கேஷ் தானாகவே வேலை செய்யும். குழுவில் பலருக்கும் இது பிடித்திருந்ததால் சோதனைக் கிளையில் இதைச் செய்து பார்த்தார்கள். அங்கே நடந்தது இந்த ஆய்வின் மையமான விஷயம். க-வின் வரையறை [0] + 1. அதை உள்ளே ஒரு பைண்டரைத் தாண்டி வைக்கும்போது எண் ஒன்று கூட வேண்டும். சரியான விடை இது:

    லாம்டா. வை 10 இல் ([1] + 1) * [0]

வடிவப் பொருத்தத்தின் ஒரு கிளையில் அந்தக் கூட்டல் விட்டுப்போயிருந்தது. அங்கே இதே விதியைக் கொடுத்தபோது ([0] + 1) * [0] என்று வந்தது. மதிப்பு மறுபடியும் 110. பெயர்களே இல்லாத மரத்தில் அதே பிழை, அதே எண்ணுடன். பெயர் மோதலாக இருந்தது எண்ணைத் தள்ள மறந்ததாக உருமாறியிருந்தது. கவனமாக இருக்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. ஓகேமலின் வகைமுறையும் உதவவில்லை. [0] என்பதும் [1] என்பதும் வெறும் முழு எண்கள்.

எண்ணை உள்ளிருந்து எண்ணாமல் வெளியிலிருந்து எண்ணலாமே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிச் செய்தால் நகரும் கோவையின் கட்டற்ற மாறிகள் மாறாது, ஆனால் அந்தக் கோவைக்குள்ளேயே கட்டப்பட்ட மாறிகளின் எண்களை மாற்ற வேண்டிவரும். ஸ்கோப்பை வகையிலேயே பதித்துவைத்து, தவறான எண்ணை எழுதவே விடாமல் செய்யும் வழியும் உண்டு. பேர்டும் பேட்டர்சனும் 1999-இல் ஹாஸ்கெலில் அதைக் காட்டினார்கள். ஆப்டிமைசர் முழுவதையும் அந்த வகைகளில் திருப்பி எழுதும் உழைப்பை அப்போதைய நிலையில் குழுவால் தர முடியவில்லை.

கம்பைலர் எழுதப்பட்ட மொழியின் ஃபங்ஷனையே பைண்டராகப் பயன்படுத்தும் ஹையர் ஆர்டர் அப்ஸ்ட்ராக்ட் சின்டாக்ஸ் முறையை விரைவில் விலக்கிவிட்டோம். 1988-இல் ஃபென்னிங்கும் எலியட்டும் முன்வைத்த அந்த முறையில் பதிலீடு இலவசமாகக் கிடைக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் ஓகேமல் ஃபங்ஷனுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. இந்தக் கம்பைலருக்கோ கோவைகளை வட்டில் எழுதவும், ஒப்பிடவும், ஹாஷ் போடவும் வேண்டும்.

## எடுத்த முடிவு

கடைசியில் தேர்ந்தெடுத்தது லோக்கலி நேம்லெஸ் எனப்படும் கலப்பு முறை. கட்டுண்ட மாறிகளுக்கு எண், கட்டற்ற மாறிகளுக்குப் பெயர். மெக்பிரைடும் மெக்கின்னாவும் 2004-இல் இதை விளக்கினார்கள். நிரல் மொழிகளைப் பற்றிய நிரூபணங்களை இயந்திரத்தில் செய்துகாட்டக் கேட்டு அடுத்த ஆண்டு வந்த பாப்ல்மார்க் சவால் பைண்டர்களைக் கையாள்வதை நிரூபண உலகின் பொதுக் கேள்வியாக்கியபின் இது பரவலானது. லீன் 4 நிரூபண மொழியின் உள்ளே கோவைகள் இருப்பதும் இப்படித்தான்.

இதில் இரண்டே செயல்கள். ஒரு பைண்டருக்குள் நுழைய வேண்டுமானால் அதைத் திறக்க வேண்டும்: அதன் எண் இருக்கும் இடங்களில் எல்லாம் ஒரு புத்தம்புதிய கட்டற்ற பெயர் வைக்கப்படும். வெளியே வரும்போது மூட வேண்டும்: அந்தப் பெயர் மறுபடி எண்ணாகும். நம் உதாரணத்தில் லாம்டாவைத் திறந்தால் வெளி ம, ‘ம எண் 7’ என்று ஒரு தனி அடையாளம் பெறும். க-வின் வரையறை ‘ம எண் 7 + 1’. அதை எத்தனை பைண்டர்களுக்குள் கொண்டுபோய் வைத்தாலும் மாற்ற எதுவுமில்லை, ஏனென்றால் அதில் தொங்கிக்கொண்டிருக்கும் எண்ணே கிடையாது. வேலை முடிந்து மூடும்போது, மூடும் ஃபங்ஷன் இறங்கும் வழியில் பைண்டர்களை எண்ணி [1] என்று சரியாக எழுதிவிடும். ஆழத்தை எண்ணும் வேலை திறப்பது, மூடுவது என்ற இரண்டு ஃபங்ஷன்களுக்குள் அடங்கிவிட்டது.

ஆனால் முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. நான் அதிகம் வலியுறுத்தியது வேறொன்று. பைண்டரின் உடல் என்ற வகையை ஒரு மாட்யூலுக்குள் மறைத்துவைக்க வேண்டும். அந்த மாட்யூலுக்கு வெளியே யாரும் ஓர் எண்ணை நேரடியாக எழுதவோ படிக்கவோ முடியாதபடி இருக்க வேண்டும். ஆப்டிமைசர் எழுதுபவர் திறக்கலாம், மூடலாம், அவ்வளவுதான். கூட்டலை மறப்பதற்கு அவரிடம் கூட்டலே இல்லை. ஓகேமலின் மாட்யூல் இன்டர்ஃபேஸ் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. எண்களா பெயர்களா என்று வாதாடியதைவிட இந்த மறைப்புதான் பலன் தந்தது என்பது என் உறுதியான கருத்து.

பயனர் எழுதிய பெயர் தொலைந்துவிடக் கூடாது என்பதால் ஒவ்வொரு பைண்டரிலும் அது ஒரு குறிப்பாக மட்டும் வைக்கப்பட்டது. அச்சிடும்போது அந்தக் குறிப்பே பயன்படும். உண்மையில் மோதல் வந்தால் மட்டும் பின்னொட்டு சேரும். மேல்மட்ட விதிப்பெயர்களுக்குத் தனிக் கணு தரப்பட்டது. வட்டில் எழுதப்படுவது கட்டற்ற அடையாளம் ஒன்றுகூட இல்லாத, முழுதாக மூடிய கோவைகள் மட்டும். அடையாள எண்கள் ஓர் ஓட்டத்துக்குள் மட்டுமே தனித்தன்மை உள்ளவை; அடுத்த ஓட்டத்தில் எண்ணிக்கை மறுபடி தொடக்கத்திலிருந்து வரும்.

‘வை’ கூற்றின் ஸ்கோப் எது என்ற கேள்வியும் இந்தச் சமயத்தில்தான் எழுத்தில் தீர்ந்தது. ‘வை க = அ இல் ஆ’ என்பதில் க-வின் ஸ்கோப் ஆ மட்டும். தன்னையே அழைக்கும் ஃபங்ஷனுக்கான கூற்றில் வரையறையும் ஸ்கோப்புக்குள் வரும். பழைய மரத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. வேறுபாடு வகைச் சரிபார்ப்பியின் ஒரு மூலையில் மட்டும் இருந்தது. புதிய வகையில் மரத்தின் வடிவமே அதைச் சொல்லிவிடுகிறது.

## பின்விளைவுகள்

மாற்றத்தைப் பகுதி பகுதியாகச் செய்தார்கள். பார்சர் தரும் பெயருள்ள மரம் அப்படியே இருந்தது. பெயர்களைத் தீர்க்கும் ஒரு புதிய படி அதைப் புதிய மரமாக மாற்றியது.

கேஷ் முதலில் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. ஓகேமலின் பொதுவான சமன்பாட்டுக் குறிக்கும் ஹாஷுக்கும் கணுவில் எதை விலக்க வேண்டும் என்று தெரியாது. அச்சிடுவதற்காக வைத்த பெயர்க் குறிப்பையும் அவை சேர்த்தே ஒப்பிட்டன. குறிப்பை விலக்கிய தனி ஒப்பீட்டையும் ஹாஷையும் எழுதி, வகை மறைந்திருந்ததைப் பயன்படுத்தி அவற்றையே எங்கும் கட்டாயமாக்கினார்கள்.

இன்னொன்று வேகம். ‘வை’ கூற்றுகள் அடுக்கடுக்காக உள்ள நீண்ட விதியில் ஒவ்வொரு பைண்டராகத் திறந்தால், ஒவ்வொரு முறையும் மிச்சமுள்ள உடல் முழுவதும் நடக்க வேண்டும். அடுக்கு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. இரண்டு திருத்தங்கள் உதவின. அடுக்காக வரும் பைண்டர்களை ஒரே நடையில் சேர்த்துத் திறப்பது ஒன்று. அடுத்தது லீன் 4-இல் உள்ள ஒரு யுக்தி: ஒவ்வொரு கணுவும் தனக்குள் வெளியே தொங்கும் எண்களின் உச்ச எல்லையைச் சேமித்துவைக்கும். அது பூஜ்யமானால் அந்தத் துணைமரத்துக்குள் இறங்கவே வேண்டாம். இன்டர்பிரெட்டர் எதையும் திறப்பதில்லை. எண்ணை வைத்துச் சூழலில் நேரடியாக மதிப்பை எடுக்கிறது.

சோதனை உருவாக்கியையும் மாற்றினார்கள். இப்போது அது மூன்றே பெயர்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. அதனால் ஒரு பெயர் இன்னொன்றை மறைக்கும் நிரல்கள் தாராளமாக வருகின்றன. இரண்டு பண்புகள் சரிபார்க்கப்படுகின்றன: ஆப்டிமைசருக்கு முன்னும் பின்னும் மதிப்பு ஒன்றா, கட்டுண்ட பெயர்களை மாற்றிக் கொடுத்தால் ஆப்டிமைசர் அதே மரத்தைத் தருகிறதா. இந்த உருவாக்கியைப் பழைய ஆப்டிமைசர் மீதும் ஓட்டிப் பார்த்தோம். முதல் நிகழ்வில் கண்டதுடன், மாறிலிகளை உள்ளே தள்ளும் பகுதியிலும் மறைக்கப்பட்ட பெயரைத் தவறாக மாற்றும் ஒரு பிழை இருந்தது வெளிப்பட்டது.

அதன்பிறகே இன்லைன் வேலை மறுபடி இயக்கப்பட்டது. சேமித்திருந்த விதிகள் எல்லாம் பழைய, புதிய கம்பைலர்களில் ஓட்டி ஒப்பிடப்பட்டன. விடை மாறிய விதிகளின் உரிமையாளர்களுக்கு எந்த விதி, ஏன் மாறியது என்று எழுத்தில் தெரிவிக்கப்பட்டது. சிலர் தங்கள் பழைய அறிக்கைகளைத் திருத்த வேண்டியிருந்தது. அந்த உரையாடல்கள் எளிதாக இல்லை. ஆனாலும் அவற்றைத் தவிர்க்காமல் நடத்தியதைக் குழுவின் நல்ல முடிவுகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

## இனி மாறவேண்டியவை

மறுபடி தொடங்கினால், ஆப்டிமைசரின் முதல் வரி எழுதப்படும் முன்பே பைண்டர் மாட்யூல் தயாராக இருக்க வேண்டும். மரத்தின் துண்டுகளை நகர்த்தும் எண்ணம் வரும் நாள்தான் அதற்கான நாள். சோதனை உருவாக்கியின் பெயர்த் தொகுப்பைச் சிறிதாக வைப்பதற்கு ஒரு வரி மாற்றம் போதும். இதை வேறு வடிவமைப்பில் இருப்பவர்களும் இன்றே செய்து பார்க்கலாம்.

வடிவப் பொருத்தத்தில் குழு முதலில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பைண்டர் என்று பிரித்தது. ஜோடிக்குள் ஜோடி வரும்போது மாறிகளின் வரிசையை இரண்டு இடங்களில் ஒத்துவைக்க வேண்டியதாயிற்று. எத்தனையாவது பைண்டர், அதற்குள் எத்தனையாவது மாறி என்ற இரண்டு எண்களாகத் தொடக்கத்திலிருந்தே வைத்திருந்தால் அந்த வேலை மிச்சமாகியிருக்கும். இப்போது அப்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. ஒரு தொகுதியின் எல்லாப் பெயர்களையும் மொத்தமாக ஸ்கோப்புக்குள் கொண்டுவரும் கூற்றை ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். அதில் எந்தப் பெயர்கள் கட்டப்படுகின்றன என்பது நிரலின் எழுத்தில் தெரியாது. தொகுதியின் வகையைப் பார்த்த பிறகே தெரியும். அதாவது பெயர் தீர்க்கும் படியும் வகைச் சரிபார்ப்பும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். கொண்டுவரும் பெயர்களைக் கூற்றிலேயே பட்டியலிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் அதைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறேன். குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.